பின்பக்கம் நனைந்த கூடாரம்

கூடாரத்தின் கடல் பார்த்த பக்கம் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. சாலை பார்த்த பக்கமோ சொதசொதவென்று நனைந்திருந்தது!

செண்பகா மண்டியிட்டு இரண்டு பக்கத்தையும் மறுபடி தொட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கடல் முன்னால் நாற்பது தப்படி தூரத்தில் கிடந்தது. அந்த நாற்பது தப்படி மணலும் காலைச் சுடும் அளவுக்கு உலர்ந்திருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை; கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. பனை நிழலில் சோறு தின்னப் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கூடாரத்தின் முதுகை நனைத்தது யார்?

"தண்ணிக் கேன் கவுந்திருக்கும் தாயி. இதுக்குப் போயி துப்பறியணுமாக்கும்?" என்றார் வேன் ஓட்டி வந்த மைதீன்.

"கேன் உங்க வேன்ல இருக்குண்ணே. மூடிகூடத் தொறக்கல."

கொத்தனார் இருளப்பன் ஈர மணலில் விரலை வைத்து நாக்கில் தொட்டுக்கொண்டான். முகம் அஷ்டகோணலானது. "உப்பு! கடல் தண்ணிதான்."

"கடலு அங்கிட்டு இருக்கு. ஈரம் இங்கிட்டு இருக்கு. அப்ப கடலு சுத்தி நடந்து வந்து கொல்லைப்பக்கமா எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு!" என்று மைதீன் சிரித்தார்.

டெய்சி டீச்சர் சிரிக்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவர். அந்த ஊர் வழிநடைக் குழுவுக்குத் தலைவியும் அவர்தான். அடுத்த வாரம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருந்துகளில் வேம்பாரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போகப்போகிறார்கள். ஆறு நாள், ஆறு இடம், எல்லாம் கூடாரத் தங்கல். அந்த ஆறு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்துவிட்டு, அந்தந்த நாள் மாலை ஆறு மணிக்குள் "சரி" என்று பெற்றோருக்குத் தகவல் அனுப்ப வேண்டியது டீச்சரின் வேலை. இது இரண்டாவது இடம். பெயர் நெடுமணல்துறை.

ஆறு இடங்களையும் தேர்ந்து பட்டியல் போட்டவள் அந்தக் குழுவில் ஒருத்தியான செண்பகா. புதையல் தேடிப் போகிறவர்கள் வரைபடத்தை நம்புகிற மாதிரி இந்த மூவரும் அந்தத் தாளை நம்பித்தான் வந்திருந்தார்கள். தரை, நிழல், குடிநீர், கடலிலிருந்து தூரம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து அழகாக எழுதியிருந்தாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'நேரில் பார்த்தது'. அதில் ஆறு சிவப்பு டிக் இருந்தன.

"செண்பகா, நீ பிப்ரவரில வந்தப்ப இங்க எப்படி இருந்துச்சு? இப்படி ஈரம் இருந்துச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

செண்பகாவுக்குக் காது மடல் சுட்டது. அவள் பிப்ரவரியில் இங்கே வரவில்லை. எந்த இடத்துக்கும் போகவில்லை. மூன்று நாள் மில்லுக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, செல்போனில் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தாள். நூற்பாலைச் சோதனைக் கூடத்தில், முறுக்கும் கனமும் தன் கையால் பார்க்காத ஒரு நூல்கண்டுக்குக்கூடக் கையெழுத்துப் போடாதவள் என்று அவளுக்குப் பெயர். அந்தக் கைதான் ஆறு டிக் போட்டிருந்தது.

"இல்ல டீச்சர். அப்ப நல்லா காய்ஞ்சுதான் இருந்துச்சு" என்றாள்.

முதல் பொய்யைச் சொன்னபோது எதிரில் யாரும் இல்லை, தாள்தான் இருந்தது. இந்தப் பொய்யை மூன்று முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குனிந்து, இறுகியே இருந்த ஒரு கயிற்றை மறுபடி இறுக்கினாள்.

"அந்தா, அங்க படகு இழுக்கிறாகள்ல, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா?" என்றான் இருளப்பன். தெற்கே, பனைகள் நின்ற மணல்மேட்டை நோக்கிச் சில மீனவர்கள் தங்கள் படகுகளை மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நட்ட நடுப்பகலில் எதற்கு இவ்வளவு உயரத்துக்கு இழுக்கிறார்கள் என்று செண்பகாவுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் கேட்கப் போனால், "இதுக்கு முன்னால வந்திருக்கீகளா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டுவிட்டால்?

"நான்தான் எல்லாம் பாத்தாச்சே. எதுக்குக் கேக்கணும்? இன்னும் முப்பது தப்படி பின்னால தள்ளிப் போட்டாப் போதும்" என்றாள்.

எல்லோருக்கும் அது நியாயமாகப்பட்டது. தண்ணீரைக் கண்டால் தள்ளிப் போ, தூரம் கூடினால் பயம் குறையும். கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் கணக்கு அது. நால்வரும் கூடாரத்தைப் பிடுங்கிச் சாலைப் பக்கமாகத் தள்ளிச் சமதரையில் நட்டார்கள். அங்கே தரை பாய் விரித்தது போல இருந்தது. மைதீன் வேனையும் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

மணி நாலு. காற்றே இல்லை. ஆனாலும் அலைகள் வேறு மாதிரி வந்தன. அவசரமில்லாமல், நீள நீளமாக, ஒவ்வொன்றும் மூச்சை இழுத்து அடக்கி எழுவது போல எழுந்தது. செண்பகா கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சளசளசள!

திரும்பினாள். வடக்கே, வறண்டுபோன ஓர் ஓடை கடலைத் தொடும் இடத்தில், நுரையும் சருகுமாக ஒரு நீர்நாக்கு கரையைத் தாண்டி உள்ளே புகுந்துகொண்டிருந்தது. புகுந்த தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை. வளைந்து திரும்பி, அவர்களுக்கும் சாலைக்கும் நடுவே ஓடி வந்தது!

"டீச்சர்! எந்திரிங்க! தண்ணி!"

அடுத்த அலை, அதற்கடுத்த அலை என்று ஒவ்வொன்றும் ஓடைவாயில் ஏறிக் குதித்தது. கணுக்கால் ஆழம் முழங்கால் ஆழமானது. சமையல் அடுப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கூடாரம் ஒரு பக்கம் உப்பிச் சாய்ந்தது. மைதீன் பாய்ந்துபோய் வேனைக் கிளப்பினார். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி மணலில் புதைந்ததோடு சரி.

"வேனை விடுங்கண்ணே, இறங்குங்க!" என்று கத்தினான் இருளப்பன்.

சாலையோரச் சவுக்குத் தோப்பு எதிரே இருநூறு தப்படியில் தெரிந்தது. டெய்சி டீச்சர் செண்பகாவின் தோளைப் பிடித்தார். "நீ அன்னைக்கு எந்தப் பாதைல நடந்து வந்தே? மேடு எங்க, பள்ளம் எங்கன்னு உனக்குத்தானே தெரியும்! முன்னால போ. நாங்க உன் காலடியப் பாத்து வாரோம்!"

மூன்று பேரும் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். டீச்சர் அவள் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை!

செண்பகா சாலையை நோக்கி ஓரடி வைத்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடுத்த அடியில் என்ன இருக்கும்? தெரியாது. பள்ளமா, குழியா, நெஞ்சுவரை ஆழமா? தெரியாது! இங்கே நடந்தவளுக்குத்தானே தெரியும்? டீச்சருக்கு நீச்சல் வராது என்பது மட்டும் தெரியும்.

வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பாதை தெரியாது டீச்சர்!"

"என்ன?"

"நான் இங்க வந்ததே இல்ல! ஒரு இடத்துக்கும் போகல. எல்லாம் போன்ல படம் பாத்து எழுதினது!"

அலைச் சத்தத்துக்கு நடுவிலும் அது எல்லோர் காதிலும் விழுந்தது. துப்பட்டாவைச் சுற்றியிருந்த கை தளர்ந்ததை அவள் உணர்ந்தாள். உடம்பு இடுப்புவரை குளிர, முகம் மட்டும் தீயாக எரிந்தது.

ஆனால் காப்பாற்ற வேண்டிய பொய் கையை விட்டுப் போனதும், அத்தனை நேரம் மூடிக் கிடந்த கண் திறந்துகொண்டது. அவள் சுற்றிலும் பார்த்தாள். முன்பு கூடாரம் நின்ற இடம் முழங்கால் ஆழத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், கடலுக்கு நேர் எதிரே, நீளமாக ஒரு மணல் வரப்பு நனையாமல் வெளுத்துத் தெரிந்தது. தண்ணீர் உயரத்துக்கு ஏறாது, பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அப்படியென்றால், காய்ந்த பக்கம்தான் உயரம்!

"கடல் பக்கமா ஓடுங்க!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு? கடலுக்குப் பயந்து கடலுக்கே ஓடச் சொல்றே?" என்றார் மைதீன், சோறு வைத்திருந்த தூக்குச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

"அண்ணே, அதுதான் மேடு! இங்க நிக்கிறதுதான் பள்ளம்! நான் முன்னால போறேன். நான் முங்கினா நீங்க வராதீக!"

அவள் ஓடினாள். இடுப்பு ஆழம் தொடையாகி, தொடை முழங்காலாகி, முழங்கால் கணுக்காலாகி, ஈர மணல் காலுக்குத் தட்டுப்பட்டது! "வாங்க! வாங்க!" என்று கையை வீசினாள். மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வரப்பின் உச்சி இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும். இடது பக்கம் கடல், வலது பக்கம் புதிதாக முளைத்த குளம். அவ்வப்போது நுரை வந்து பாதத்தை நக்கிவிட்டுப் போனது. அந்த உச்சியிலேயே தெற்கு நோக்கி ஓடி, பனை நின்ற மணல்மேட்டில் ஏறி, படகுகளுக்குப் பக்கத்தில் விழுந்தார்கள்.

கூடாரம் போயிற்று. அடுப்பு போயிற்று. வேன் பாதி மூழ்கி நின்றது. நாலு பேரும் இருந்தார்கள்.

டெய்சி டீச்சர் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். நனைந்த தாளில் ஆறு டிக்கும் ஊறிச் சிவந்திருந்தன. தாளைச் செண்பகாவின் மடியில் வைத்தார்.

"அடுத்த புதன்கிழமை இந்நேரத்துக்கு இந்தப் பள்ளத்துல முப்பத்தெட்டுப் பிள்ளைக இருந்திருக்கும்" என்றார். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அப்பா தனியா விடமாட்டேன்னுட்டாரு டீச்சர். குழுவுல எல்லாரும் தனியா மலை ஏறுறவங்க. இருபத்தாறு வயசுல, வீட்ல விடலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

அந்த வெட்கம் இதன் முன்னால் எம்மாத்திரம்? அது நகக்கண்ணில் ஏறிய சிராய். இது நெஞ்சில் ஏறிய கடப்பாரை.

"ஏ செண்பகா, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் மைதீன் அண்ணனும் வந்திருப்பமே. எட்டாப்பு படிக்கையில இருந்து பாக்குறேன், ஒனக்கு வாயவிட வீம்பு பெருசு" என்றான் இருளப்பன்.

"அந்த வீம்புக்கு என் வேன் குளிச்சிருச்சு" என்றார் மைதீன். யாரும் சிரிக்காததால் அவரே தூக்குச்சட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் புளியோதரை கொடுத்தார். செண்பகாவுக்கும் கொடுத்தார். அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பெற்றோருக்கு "சரி" அனுப்பவில்லை. 'முடிவு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் நேரில்' என்று மட்டும் அனுப்பினார்.

மறுநாள் காலை கடல் ஒன்றுமே செய்யாத பிள்ளை போலத் தூரத்தில் கிடந்தது. தெற்கே எங்கோ நடுச்சமுத்திரத்தில் அடித்த புயல் எழுப்பிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, காற்றே இல்லாத கரையில் வந்து ஏறும். சொல்லாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். படகை மேலே இழுத்த மீனவர்கள் அதை முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். நேற்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். செண்பகா இன்று போய்க் கேட்டாள். ஒரு நிமிடம்தான் ஆயிற்று.

ஆனால் கடல் இறங்கிய பிறகும் பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நின்றதுதான் அவளை உறுத்தியது. "இருளப்பா, அந்த வரப்பைவிட நம்ம டென்ட் போட்ட இடம் எவ்வளவு பள்ளம்னு அளக்க முடியுமா?"

"கட்டடத்துக்கு மட்டம் பாக்குற டியூப் வேன்லதான் கெடக்கு."

அது ஒரு எளிய அதிசயம். விரல் தடிமன், கண்ணாடி போலத் தெரியும் நீளமான குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மறு முனையை முப்பது தப்படி தள்ளி இன்னொருவர் பிடிக்கட்டும். நடுவே மேடு இருந்தாலும் சரி, சுவர் இருந்தாலும் சரி, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து, அந்தக் குறி தரையிலிருந்து எத்தனை சாண் என்று பார்த்தால் போதும். எங்கே சாண் கூடுகிறதோ அங்கே தரை பள்ளம்.

செண்பகா வரப்பின் உச்சியில் குச்சியைப் பிடித்தாள். இருளப்பன் குழாயை இழுத்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் இறங்கிச் சாலைப் பக்கம் நடந்தான்.

"உன் பக்கம் எத்தனை?"

"ரெண்டு சாண்!"

"எம்பக்கம் நாலு!"

அவன் நின்றது முதலில் கூடாரம் போட்ட இடம். வரப்பைவிட இரண்டு சாண் பள்ளம்! அங்கே செண்பகா வந்து நின்றுகொள்ள, அவன் இன்னும் முன்னால் போனான். முப்பது தப்படி தள்ளிப் போட்ட இடம், கூட்டிப் பார்த்தால், வரப்பைவிட ஐந்து சாண் பள்ளம்! பாதுகாப்பு என்று நினைத்துத் தள்ளிப் போகப் போக, அவர்கள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

செண்பகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இது நம்ம கண்மாய்க் கரை மாதிரில்ல இருக்கு!"

விஷயம் இதுதான். கண்மாயில் தண்ணீர் வந்து சேரும் பக்கம், நீரை விட்டு விலக விலக நிலம் உயரும். அங்கே தூரம்தான் பாதுகாப்பு. ஆனால் கரை போட்ட பக்கம் அப்படியில்லை. கரையைத் தாண்டினால் வயல், வயலோ பள்ளம். மழைக்காலத்தில் கரைக்கு வெளியே வயலில் பாய் விரித்துப் படுப்பார்களா? கடலும் தனக்குத்தானே கரை போட்டுக்கொள்ளும். மேலே ஏறுகிற அலை வேகத்தோடு மணலை அள்ளி வரும். ஏறும் உச்சியில் வேகம் செத்து மணலைப் போட்டுவிடும். திரும்பும்போது பாதித் தண்ணீர் மணலுக்குள் வடிந்துவிடுவதால் போட்டதை முழுதாக எடுத்துப் போக முடியாது. நாளுக்கு நாள் அந்த உச்சியில் மணல் சேர்ந்து வரப்பாகும். அதன் முதுகுப்புறம் பள்ளமாகவே நிற்கும். வரப்பு எங்கே தாழ்ந்திருக்கிறதோ, அங்கே கடல் உள்ளே நுழைந்து, பள்ளத்தின் வழியே ஓடி, கூடாரத்தின் முதுகைத் தொடும். நேற்று நடுப்பகலில் வந்து நனைத்துப் போனது அதன் முதல் அலை; கொஞ்சத் தண்ணீர்தான் என்பதால் பள்ளத்தில் தேங்குமுன் மணலே அதைக் குடித்துவிட்டது.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் தூரம் தெரியும். இரண்டு சாண் பள்ளம் தெரியாது. அதை அறிய அந்த மணலில் கால் வைக்க வேண்டும்.

வேனை மீனவர்கள் கயிறு கட்டி இழுத்து விட்டார்கள். என்ஜினைத் துடைத்து, உலர்த்தி, கெஞ்சி, மைதீன் அதற்கு உயிர் கொடுத்தார். ராஜபாளையம் திரும்பலாம் என்று அவர் சொன்னபோது செண்பகாதான் மறுத்தாள். "நாலு இடம் பாக்கி இருக்குண்ணே. நான் பாக்காம வரமாட்டேன்." டெய்சி டீச்சர் வேனில் ஏறினார். அதுவே சம்மதம்.

அடுத்த மூன்று நாள் அவர்கள் கடலோரமாகவே போனார்கள். உச்சி வெயிலில் குழாயை இழுத்தார்கள், குச்சி நட்டார்கள், சாண் எண்ணினார்கள். மூன்றாவது இடம் தேறவில்லை. தங்குமிடம் மேடுதான், ஆனால் பேருந்து வெளியேறும் பாதை பள்ளத்தில் இறங்கியது. நான்காவது இடம் தேறியது. ஐந்தாவது இடத்தில், அவள் 'மிக நன்று' என்று எழுதியிருந்த சமதரையில் காய்ந்த கடற்பாசியும் அறுந்த வலை மிதவையும் சிதறிக் கிடந்தன. போன மாதமும் கடல் அங்கே வந்து போயிருந்தது. 'மிக நன்று' என்ற தன் கையெழுத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஆறாவது இடம் தேறியது; திரும்பும் வழியில் டியூப் வைத்து அளந்த முதல் இடமும் தேறியது. தேறாத மூன்றுக்கும் பக்கத்திலேயே மேடான மாற்று இடங்களை அளந்து பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி அரங்கில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பேசுவதற்கு முன் செண்பகா எழுந்தாள். டியூப் வைத்திருந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பழைய பட்டியல்ல நேர்ல பாத்ததா நான் போட்ட ஆறு டிக்கும் பொய். நான் போகவே இல்ல. போகாத இடத்துல உங்க பிள்ளைகளப் படுக்க வைக்கப் பாத்தேன்."

அரங்கில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் மறுபடி நிமிர முடியாது என்று தோன்றியது. என்ன நடந்தது என்று கூடாரத்தின் ஈர முதுகு தொடங்கி, விட்டது எதுவும் இல்லாமல் சொல்லி முடித்தாள்.

முன்வரிசையில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருவர் எழுந்தார். குரலில் கோபம் தீரவில்லை. "நடந்தது கெடக்கட்டும். இப்பவாச்சும் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ஒவ்வொரு இடத்துலயும் நின்னு, மண்ணத் தொட்டுப் பாத்தேன்."

"அப்ப எம்பிள்ளைகள எங்க படுக்க வைப்பே? எதப் பாத்து அந்த இடம்னு முடிவு பண்ணுவே? அதச் சொல்லு."

செண்பகா மேசையிலிருந்து டியூபை எடுத்து ஒரு முனையை, எழுந்து வந்த இருளப்பனிடம் கொடுத்தாள். மறுமுனையைத் தன் கண் எதிரே பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கடல்ல இருந்து எவ்வளவு தூரம்னு பாக்க மாட்டோம்க்கா. முதல்ல, அந்தக் கரையில படகு வச்சிருக்கவுககிட்ட, கடல் எதுவரை ஏறும்னு கேப்போம். ரெண்டாவது, காய்ஞ்ச பாசியும் மிதவையும் ஒதுங்கிக் கெடக்குற எடத்துலயே ரொம்ப ஒசரமானது எதுன்னு தேடி, அங்க ஒரு குச்சி நடுவோம். மூணாவது, இந்த டியூப வச்சு, பிள்ளைக படுக்கிற தரையும் பஸ் வெளிய போற பாதையும் அந்தக் குச்சியோட அடியவிட ஒரு ஆள் இடுப்பளவு ஒசரமா இருக்கான்னு அளப்போம். இருந்தா அங்க டென்ட் போடுவோம். இல்லைன்னா, கடலுக்கு எவ்வளவு தள்ளி இருந்தாலும் போட மாட்டோம்."